சிரையைக் கட்டுவதா, பித்தநாளத்தைக் கட்டுவதா?

குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுவதை ஆராய, எலிகளில் இரண்டு அறுவை முறைகள் அதிகம் கையாளப்படுகின்றன.

முதல் முறையில், சிரையையும் அதன்மேல் வைத்த 20 கேஜ் மழுங்கிய ஊசியையும் சேர்த்து நூலால் கட்டி, ஊசியை மெல்ல உருவிவிடுவார்கள். சுமார் 0.9 மி.மீ. வழிதான் மிஞ்சும். அழுத்தம் உடனே ஏறும். ஓரிரு வாரங்களில் ரத்தம் புறவழிச் சிரைகளைத் தேடிக்கொள்ளும். எல்லா எலிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு அடைப்பு என்பது பெரிய வசதி. ஆனால் கல்லீரலில் தழும்பு விழுவதில்லை.

பித்தநாளத்தைக் கட்டி வெட்டுவது இரண்டாவது. பித்தம் தேங்கி, சுமார் நான்கு வாரங்களில் கல்லீரல் தழும்பேறி சிரோசிஸ் ஆகிறது. காதும் வாலும் மஞ்சளாகின்றன, எடை குறைகிறது, சில எலிகள் இடையிலேயே இறந்துவிடுகின்றன. தேவைக்கு மேல் ஓர் எலியைக்கூட இந்த வேதனைக்கு உள்ளாக்கக் கூடாது என்பேன்.

புறவழிச் சிரைகள் எப்படி முளைக்கின்றன என்பதே கேள்வியானால் முதல் முறை போதும். கல்லீரலுக்குள்ளேயே உள்ள ரத்த ஓட்டத் தடையைக் குறைக்கும் மருந்தைச் சோதிக்க அது உதவாது. அதற்கு இரண்டாவதே ஏற்றது. ஆனாலும் இது பித்தத் தேக்கத்தால் வந்த நோய். மதுவாலோ வைரஸாலோ சிரோசிஸ் வந்தவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது.