கும்பகோணத்துல ஒரு ரத்த டெஸ்ட் லேப்: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

வேகத்துக்கு 5 குடுக்கலாம், மெசேஜ் அனுப்புற லட்சணத்துக்கு 1தான். பேரு வேணாம், விஷயத்த மட்டும் சொல்றேன்.

தங்கச்சிக்கு தலைப்பிரசவம். பனிக்குடம் உடைஞ்சு 20 மணி நேரம் கழிச்சுத்தான் சிசேரியன்ல பொண்ணு பொறந்தா, 18 மணி நேரம் தாண்டிட்டாலே குழந்தைக்கு இன்ஃபெக்ஷன் இருக்கான்னு பாக்கணும்னு குழந்தை டாக்டரம்மா என்ஐசியூல (பச்சப்புள்ளைங்க ஐசியூ) வச்சு, கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துட்டு ஆன்டிபயாடிக்கும் ஆரம்பிச்சுட்டாங்க. சிஆர்பின்னு ஒன்னு, உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதம், அது 12 மணி நேரத்துல 4, மறுநாள் 14. 10க்கு மேல போனா கவனிக்கணும்னாங்க. அம்மா திருக்கருகாவூர் அம்மன வேண்டிக்கிட்டு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல.

அடுத்த சாம்பிள் ஞாயித்துக்கிழமை, ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர், அப்பதான் இந்த லேப்பு. போன் போட்டு 15 நிமிஷத்துல ஒரு தம்பி பைக்ல வந்துட்டான், நர்ஸ் எடுத்துக் குடுத்த ஒரு எம்எல் கூட இல்லாத ரத்தத்த பத்திரமா வாங்கிட்டுப் போனான், நல்ல பையன். ஒரு மணி நேரத்துல வாட்ஸ்அப்: "சிஆர்பி 1.3". அவ்ளோதான் மெசேஜே. 14லேந்து 1.3! மாப்ள அழுதே போட்டாரு, வலங்கைமான் சித்தப்பா வரைக்கும் போன் பறந்துச்சு, நான் ஒரு கிலோ அசோகா அல்வா வாங்கியாந்து வார்டு பூரா குடுத்துட்டேன்.

அப்பறமா முழு ரிப்போர்ட் வந்துச்சு, டாக்டரம்மா பாத்துட்டு "சார், நம்ம ஆஸ்பத்திரில லிட்டர் கணக்கு, இவங்க டெசிலிட்டர் கணக்கு, அது லிட்டர்ல பத்துல ஒரு பங்கு, பத்தால பெருக்குங்க"ன்னாங்க. 13! வாயில இருந்த அசோகா எறங்கல.

அவங்கதான் பொறுமையா சொன்னாங்க, சிஆர்பி ஈரல்ல உண்டாகுறது, உடம்புல அழற்சி ஆரம்பிச்சு ஆறேழு மணி நேரம் ஆனாத்தான் ஏறவே ஆரம்பிக்கும், உச்சிக்குப் போக ஒன்னர ரெண்டு நாள் ஆகும், காரணம் நின்னுட்டா சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியா கொறையும், அதனால மொத 4க்கு சந்தோஷப்பட்டதும் தப்பு, 13க்கு பயப்படுறதும் அவசரம், ரெண்டு மூணு தடவ எடுத்து ஏறுதா எறங்குதான்னுதான் பாக்கணுமாம். இன்ஃபெக்ஷன் இல்லாமலே பொறந்த மொத ரெண்டு நாள்ல கொஞ்சம் ஏறுமாம். அம்மாவோடது தொப்புள்கொடி வழியா பெருசா வராது, குழந்தைக்கு இருக்கறது குழந்தையோடதுதானாம்.

தங்கச்சிக்கும் அங்கயே பாத்தோம், 9.2, அதாவது 92, செவப்புல கட்டம் வேற. ஆபரேஷன் ஆன ரெண்டாம் நாள் இப்படி ஏறும், காய்ச்சல் இல்ல, தையல் நல்லாருக்குன்னு பெரிய டாக்டர் ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டாரு. வெள்ளணு 17,000, பிரசவ சமயத்துல அதுவும் சகஜமாம். பொறந்து ரெண்டு நாளான பிள்ளைக்கும் பிரசவிச்சவளுக்கும் சாதாரண ஆளுக்கும் ஒரே அளவ அச்சடிச்சு செவப்பு கட்டம் போட்டா வீட்ல இருக்கவங்க என்னத்த நெனைப்பாங்க?

கவுன்ட்டர்ல இருந்த அக்கா ஐஎல்-6, ப்ரோகால்சிடோனின்னு சிஆர்பி மாதிரியே இருக்குற வேற ரத்த டெஸ்டெல்லாம் சேத்து 4,800க்கு தாய்-சேய் பேக்கேஜ்னு தள்ளப் பாத்துச்சு. டாக்டரம்மா அந்த டெஸ்டெல்லாம் எடுக்கச் சொல்லவே இல்ல. ஐஎல்-6 சிஆர்பிக்கு முன்னாடியே ஏறி ஒரு நாளுக்குள்ள எறங்கிடும், மூணாம் நாள் பாத்து என்ன பண்றது, ப்ரோகால்சிடோனின் பொறந்த ஒரு நாள்ல எல்லா பிள்ளைக்கும் தானாவே ஏறும்னாங்க. காசு மிச்சம்.

ஓனர்கிட்ட சண்டைக்குப் போனா "மெஷின்ல அப்படித்தான் சார் வருது"ன்னாரு. நான் விடல. அடுத்த சாம்பிளுக்கு மெசேஜ் வந்துச்சு: "சிஆர்பி 5, மில்லிகிராம் லிட்டருக்கு". கல்ச்சர்லயும் 48 மணி நேரத்துல ஒன்னும் வளரல, ஊசிய நிறுத்திட்டாங்க. மூணாவது ஸ்டார் அந்த மெசேஜுக்குத்தான்.

இந்த தடவ டாக்டரம்மா வாயால கேட்டப்பறம்தான் அசோகா வாங்கப் போனேன்.