அன்சிபிளை நெடுநாள் பாவித்த பிறகு: இணைப்பு இடையில் அறுந்தால் என்ன நடக்கும்?

பல சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி அன்சிபிள். அதன் அறிமுகங்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும்: எதிர்ப்பக்கச் சேர்வரில் எதையும் நிறுவத் தேவையில்லை, எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பும் பைதன் மொழியும் இருந்தால் போதும். சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள சேர்வர்களைப் பார்ப்பவருக்கு வேறொரு கேள்விதான் முதலில் வரும். பிளேபுக் (செய்ய வேண்டிய டாஸ்குகளின் பட்டியல்) பாதி ஓடும்போது கரண்ட் போனால் சேர்வர் எந்த நிலையில் நிற்கும்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் இது வீண் பயம் இல்லை.

அன்சிபிளின் பதில்: திரும்ப ஓட்டுங்கள். முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் செய்யும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நடக்காத இடங்கள்தான் நித்திரையைக் கெடுக்கும்.

அதில் முதல் வில்லங்கம் ஹேண்ட்லர், அதாவது ஒரு டாஸ்க் எதையாவது மாற்றினால் மட்டும் ஓடும் வேலை. என்ஜின்எக்ஸ் வெப் சேர்வரின் கொன்ஃபிக்கை டெம்ப்ளேட் டாஸ்க் மாற்றி, ரீலோட் செய்யும்படி ஹேண்ட்லருக்குச் சொல்லிவைக்கும். ஹேண்ட்லர் ஓடுவதோ கடைசியில். இடையில் வேறொரு டாஸ்க் தோற்றால் ரீலோட் நடக்காது. திரும்ப ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே மாறியிருப்பதால் டெம்ப்ளேட் பச்சை நிறத்தில் ‘ஓகே’ என்று போய்விடும். ஹேண்ட்லரைக் கூப்பிட ஆளே இல்லை. டிஸ்க்கில் புதிய கொன்ஃபிக், மெமரியில் பழையது. சில கிழமைக்குப் பிறகு யாராவது சேர்வரை ரீபூட் செய்யும்போது பிழை வெளியே வரும்; அதற்குள் மாற்றியவருக்கே அது மறந்திருக்கும். ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் போட்டால் டாஸ்க் தோற்றாலும் ரீலோட் நடக்கும். ஆனால் இணைப்பே அறுந்து சேர்வர் ‘அன்ரீச்சபிள்’ ஆனால் அதுவும் கைகொடுக்காது. கொன்ஃபிக் டாஸ்குகள் முடிந்த கையோடு, காத்திருக்கும் ஹேண்ட்லர்களை உடனே ஓட்டும் ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் போடுவதுதான் வழி. இடைவெளி முழுதாக மூடாது, ஆனால் சில விநாடிகளாகச் சுருங்கும்.

அடுத்தது ஏபிடி, உபுண்டு போன்ற லினக்ஸில் மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவி. பொதிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது எஸ்எஸ்எச் விழுந்தால், ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி பாதியில் தொங்கலாம். அப்போது திரும்ப ஓட்டிப் பயனில்லை. சேர்வருக்குள் போய், நின்ற பொதிகளை டிபிகேஜியின் கொன்ஃபிகர் கட்டளையால் முடிக்க வேண்டும். இதனால் பெரிய அப்கிரேடுகளை அசிங்க் 1800 (1800 விநாடி வரை ஓடலாம்), போல் 0 (முடியும்வரை காத்திராதே) என்று விட்டு, அசிங்க் ஸ்டேட்டஸ் மூலம் அடிக்கடி பார்ப்பது நல்லது. வேலை சேர்வருக்குள் தனியாக ஓடும், நமது லைன் செத்தாலும் அது சாகாது. புதிதாக எழுப்பிய உபுண்டுவில் தானியங்கி அப்டேட் ஏபிடியின் பூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் லொக் டைம்அவுட் இயல்பாக 60 விநாடிதான், 300 ஆக்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் மேலாகப் பலன் தந்த மாற்றம் ஒன்று உண்டு: மடிக்கணினியிலிருந்து ஓட்டுவதை நிறுத்துவது. சேர்வர்கள் இருக்கும் அதே இடத்தில் ஒரு சின்ன விஎம் (மெய்நிகர் கணினி), அதில் இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ், அதற்குள் பிளேபுக். இங்கே கரண்ட் போனாலும் அங்கே ஓட்டம் தொடரும், வந்ததும் மறுபடி இணைந்து பார்க்கலாம். வேகமும் கூடும்: ஒவ்வொரு டாஸ்க்கும் கடல் தாண்டிப் போய்வரும் நேரம் மிச்சம். டாஸ்க் ஒன்றுக்கான எஸ்எஸ்எச் பயணங்களைக் குறைக்கும் பைப்லைனிங்கையும் திறந்துவிடுங்கள், ஒரே நேரத்தில் எத்தனை சேர்வர் என்பதைச் சொல்லும் ஃபோர்க்ஸ் இயல்பாக 5 மட்டுமே, சேர்வர் 12 இருந்தால் அதையும் 12 ஆக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: எல்லாச் சாவியும் இருக்கும் வீடு அது. பாஸ்வேர்ட் லொகின் கூடாது.

பிளேபுக்கை எழுதும் வடிவமான யாமெலின் குணம் தனி. கோப்பு அனுமதிக்கு 644 என்று வெறுமனே எழுதினால் அதைப் பத்தினடி எண்ணாக எடுக்கும். எட்டினடியில் அது 1204. உரிமையாளர் எழுதலாம், வாசிக்க முடியாது. குழுவுக்கு ஒன்றுமில்லை. ஊரார் வாசிக்கலாம்! மேற்கோள் குறிக்குள் ‘0644’ என்று எழுதிப் பழகுங்கள்.

கட்டளையை அப்படியே ஓட்டும் ஷெல் மொடியூல், திரும்ப ஓட்டும் வசதியைக் கெடுக்கும். கிரியேட்ஸ் (இந்தக் கோப்பு இருந்தால் ஓடாதே) அல்லது சேஞ்ச்ட் வென் (எப்போது மாற்றம் என்று கொள்வது) இல்லாத ஷெல் டாஸ்க், ஒவ்வொரு முறையும் ஏதோ மாற்றியதாகவே காட்டும். எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக் முறையில் ஷெல் டாஸ்க் ஓடாமல் தாண்டப்படுவதால், அதன் விடையை நம்பியிருக்கும் அடுத்த டாஸ்க் விழும். வெறுமனே வாசிக்கும் கட்டளைகளுக்குச் செக் மோட் ஃபோல்ஸ் போட்டால் தீரும்.

புதிய கோட்டைச் சேர்வரில் ஏற்றும் டெப்ளோய்மென்டுக்கு ரிலீசஸ் ஃபோல்டரும் இப்போதைய ரிலீஸைச் சுட்டும் ‘கரன்ட்’ சிம்லிங்க்கும் போதும், கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் எல்லாம் சின்ன அலுவலகத்துக்குத் தேவையில்லாத தலையிடி. கடைசி 5 ரிலீஸை வைத்திருந்தால் பின்வாங்குவது சிம்லிங்க்கைத் திருப்புவதுதான். பிஎச்பி என்றால் என்ஜின்எக்ஸில் ரியல்பாத் ரூட் மாறியைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் லிங்க் திரும்பிய பிறகும், பிஎச்பி கோட்டை மெமரியில் வைத்திருக்கும் ஓப்கேஷ் பழைய கோட்டையே ஓட்டும். டேட்டாபேஸ் மாற்றங்கள் இப்படித் திரும்பாது, அதற்கு முதலே பக்கப்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரொனில் இன்னொரு வழுக்கல். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் இங்கே அதிகாலை 2 மணி அங்கே முதல்நாள் 20:30. திங்கள் அதிகாலை ஓட வேண்டிய பக்கப்புக்கு ஞாயிறு என்று எழுத வேண்டும். நேரத்தைத் திருத்துபவர்கள் கிழமையை மறந்துவிடுகிறார்கள்.

நெடுநாள் பாவனையில் எரிச்சல் தருவது பதிப்பு மாற்றம்தான். 2020இல் 2.10 பதிப்பு வந்தபோது மொடியூல்கள் கலெக்ஷன்கள் என்ற தனித்தொகுப்புகளாகப் பிரிந்தன. பழைய பிளேபுக்குகளில் பெயர்களைத் திருத்த மினக்கெட வேண்டியிருந்தது. அன்சிபிளின் மையப் பகுதியான அன்சிபிள் கோர் 2.17 எதிர்ப்பக்கத்தில் பைதன் 3.7 கேட்கும், உபுண்டு 18.04 இல் இருப்பது 3.6. பழைய சேர்வர் ஒன்றாவது இருந்தால், தனிப் பைதன் சூழலான விர்ச்சுவல் என்விரோன்மென்டில் 2.16ஐப் பூட்டி வைத்து, அந்தச் சேர்வரை மாற்றிய பிறகே மேலே போங்கள்.