புரொபொசிஷன் 1: அணை வரவில்லை, டாய்லெட் வந்தது

ஓட்டுப் போட்டு வாங்கிய சரக்கு, அதனால் நானும் ஒரு ரிவியூ எழுதிவிடுகிறேன். 2014 நவம்பரில் தண்ணீருக்காக 754.5 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று கலிஃபோர்னியாவில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டுக் கேட்டார்கள், அந்தக் கேள்விக்குப் பெயர்தான் புரொபொசிஷன் 1. வறட்சியில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஊரில் வீட்டுக் கிணறுகள் வற்றி, ஜனங்கள் வாசலில் டேங்க் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சமயம், யார்தான் வேண்டாம் என்பார்கள்? மூன்றில் இரண்டு பேர் சரி என்றார்கள், நானும்தான்.

விலையை மறைக்கவில்லை, அதற்கு ஒரு சபாஷ். கடனை அடைக்க வருஷத்துக்குச் சராசரியாக 36 கோடி டாலர், 40 வருஷம் என்று வாக்காளர் கையேட்டிலேயே போட்டிருந்தது. கூட்டினால் 1,440 கோடி. வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

நான் படிக்காமல் விட்டது ஒதுக்கீட்டை. தண்ணீர்ச் சிக்கனத்துக்கு என்று இருந்தது வெறும் 10 கோடி, ரூபாய்க்கு ஒன்றரைப் பைசாகூட இல்லை! ஆனால் கைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பைசாதான். 2015ல் அந்தப் பணத்திலிருந்து ரிபேட், அதாவது செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக, அறிவித்தார்கள்: புல்தரையை எடுத்தால் சதுர அடிக்கு 2 டாலர், பழைய டாய்லெட்டை மாற்றினால் 100 டாலர் வரை. எங்கள் டாய்லெட்டின் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன், உட்பக்கம் 1987 என்று பதிந்திருந்தது. ஒரு ஃப்ளஷுக்கு 13 லிட்டர் குடிக்கிற பூதம். புதியது 5 லிட்டருக்கும் குறைவு. பிளம்பர் டாய்லெட்டுக்கு அடியில் கசியாமல் வைக்கும் மெழுகு வளையத்தைச் சரியாக உட்காரவைக்காமல் போய், மூன்றாம் நாள் தரையெல்லாம் ஈரம், அது தனிக் கதை. செக் வந்தது.

அப்புறம் பெரிய அயிட்டம், அணை, நீர்த்தேக்கம் போன்ற நீர்ச் சேமிப்புத் திட்டங்களுக்கு 270 கோடி. டெம்பரன்ஸ் ஃபிளாட் அணைத் திட்டம் பாதியிலேயே கழன்றுகொண்டது, லாஸ் வக்கேரோஸ் அணையை உயர்த்தும் திட்டம் 2024ல் கைவிடப்பட்டது, சைட்ஸ் என்ற புது நீர்த்தேக்கத்துக்குப் பத்து வருஷம் கழித்தும் கட்டுமானம் தொடங்கவில்லை. ஆர்டர் கொடுத்த பெரிய பெட்டி இன்னும் கிடங்கிலேயே கிடக்கிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். டாய்லெட்டுக்கு இரண்டு, கையேட்டுக்கு ஒன்று.

2024ல் புரொபொசிஷன் 4 வந்தது, மொத்தம் 1,000 கோடி, அதில் தண்ணீருக்கு 380 கோடி. இந்த முறை ஒதுக்கீட்டுப் பட்டியலை விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். படித்துவிட்டு அதற்கும் ஆம் என்றுதான் குத்தினேன், என்ன செய்வது, கிணறு வற்றியதைப் பார்த்தவன்.