வளாகத்து வீடா, வீட்டுக் கடனா?

புதிய பேராசிரியர்களை ஈர்க்கக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் கையாளும் வழிகளில் ஒன்று, குறைந்த வட்டி வீட்டுக் கடன். வளாகத்துக்குப் போய்வரக்கூடிய தொலைவில் விரும்பிய ஊரில் வீடு வாங்கலாம். ஆனால் சந்தை விலை ஒரு டாலர்கூடக் குறையாது. சாந்தா குரூஸ் வளாகத்தில் சேர்பவர் சான் ஹொசேயில் குடியிருந்தால், மலைகளூடே வளைந்து செல்லும் 17ஆம் எண் நெடுஞ்சாலையில் மழைநாளில் ஒரு விபத்து நேர்ந்தாலே காலை வகுப்பு தவறிவிடக்கூடும்.

மற்றொன்று, இர்வைன் வளாகத்தின் யுனிவர்சிட்டி ஹில்ஸ் குடியிருப்பு. நிலம் பல்கலைக்கழகத்துடையது, வீடு மட்டுமே ஆசிரியருக்குச் சொந்தம். மறுவிற்பனை விலைக்கு வரம்பு இருப்பதால், அடுத்து வருபவருக்கும் அது எட்டும் விலையிலேயே கிடைக்கிறது. விலையேற்றத்தின் லாபம் முழுதாகக் கைக்கு வராதது உண்மையான இழப்புதான். ஆயினும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்தே வகுப்புக்குச் செல்ல விரும்பும் இளம் உதவிப் பேராசிரியருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.