4,800 ரேண்டைப் பறித்த கிட்டார் ஆம்ப்: டர்பனில் வாங்க நினைப்பவர்கள் படிக்கவும்

கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி ஒன்றைக் குறைந்த விலையில் தேடிக்கொண்டிருக்கும் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரத் தமிழர்கள் யாரும் நான் பறிகொடுத்ததைப் போல 4,800 ரேண்டைப் பறிகொடுக்கக் கூடாது என்பதற்காகவே, கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். நேற்று மாலையும் அதை விற்ற கடையிலிருந்து "மேனேஜர் வந்ததும் சொல்கிறோம்" என்ற பதில்தான் வந்தது. புகார் மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கைப்பேசி உதிரிகள், விளக்குச் சரங்கள், கரோக்கிப் பெட்டிகள் ஆகியவற்றோடு இசைக்கருவிகளையும் கலந்து விற்கும், சமூக ஊடகத்தில் பளபளப்பான பக்கம் ஒன்றை நடத்தும் கடை என்ற அளவில் அறிந்துகொண்டால் போதும்.

என் மகன் ஒரு சிறிய ஆர்கெஸ்ட்ராவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். கல்யாண மண்டபங்களில் பெரிய ஒலி அமைப்பு இருக்கும், அங்கே கவலை இல்லை. ஆனால் காவடி ஊர்வலத்தில் தேருக்குப் பின்னால் பாடிக்கொண்டே நடக்கும் குழுவோடு அவனும் போக வேண்டும் என்றால் மின்கம்பி எங்கே இருக்கிறது? வீட்டில் பயிற்சி செய்வதற்கும், லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டில் பட்ட பாட்டை மறந்துவிட முடியாத எங்களுக்கு, பேட்டரியில் ஓடுவது அவசியமாகப் பட்டது. ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் அமைந்த காம்போ, ஒரு கையால் தூக்கும் எடை, 5,000 ரேண்டுக்குள் விலை: எங்கள் தேவை இவ்வளவுதான்.

கடைக்குள் நுழைந்தபோது அந்த விற்பனையாளர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு, "வணக்கம் அண்ணா, உள்ளே வாங்க" என்று தமிழில் அழைத்தார். இந்த ஊரில் கடைக்காரர் ஒருவர் தமிழில் வரவேற்பது எவ்வளவு அரிது என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். தம் பாட்டியும் கோயிலில் தேவாரம் பாடியவர் என்றார், என் மகனைத் "தம்பி" என்றார், தேநீர் வேண்டுமா என்று கேட்டார். "நம்ம ஆளுக்கு நான் கெட்டதைக் கொடுப்பேனா அண்ணா?" என்று அவர் சொன்ன முகபாவம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. பிறகு, முன்பக்கம் 100 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு கறுப்புப் பெட்டியைச் சுவர்ப் பிளக்கில் மாட்டி, சுவரில் தொங்கிய கிட்டார் ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டினார். கடை முழுவதும் அதிர்ந்தது. முழுச் சத்தத்தில் வைத்தாலும் பேட்டரி 8 மணி நேரம் தாங்கும் என்றும், உள்ளே 10 அங்குல ஒலிபெருக்கி இருக்கிறது என்றும் உறுதி கூறினார்.

நாங்கள் கொண்டுவந்திருந்த கிட்டாரை மாட்டிப் பார்க்கலாமா என்று என் மகன் கேட்டான். "அது டெமோ பீஸ் தம்பி, உங்களுக்குப் புதுசே தர்றேன்" என்று பேச்சை மாற்றிப் பின்னறையிலிருந்து சீல் ஒட்டிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சீலைக் கடையிலேயே உடைத்தால் வாரண்டி செல்லாது, வீட்டில் போய்த் திறந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். அட்டையைத் தேய்த்து 4,800 ரேண்ட் செலுத்தினேன். ரசீதில் அவர் எழுதிக் கொடுத்தது "ஸ்பீக்கர் 1" என்று மட்டுமே. கிட்டார் ஆம்ப் என்று எழுதாததன் காரணம் பின்னால் விளங்கியது.

வீட்டில் என் மகனின் கிட்டாரை மாட்டியபோது கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுவது போல ஒலி வந்தது. சத்தக் குமிழைக் கடைசிவரை திருப்பினால் இரைச்சல்தான் கூடியது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் என் மைத்துனர் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் சாதாரணப் பிக்கப் பலவீனமான சமிக்ஞையைத் தருவது. அதை ஏற்க ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு, அதாவது உள்ளே வரும் சமிக்ஞைக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஏறத்தாழ 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் அளவுக்கு இருக்க வேண்டும். மைக் மாட்டும் துளையிலோ அது சில ஆயிரம் ஓம் மட்டுமே இருக்கும். அதில் கிட்டாரைச் செருகினால் சத்தமும் விழும், மேல்சுருதியின் மினுக்கமும் செத்துப்போகும். எங்களுக்கு விற்கப்பட்டது மைக் துளைக்கு மேல் கிட்டார் படம் ஒட்டிய கரோக்கிப் பெட்டி. அப்படியானால் கடையில் எப்படி முழங்கியது? அவர் எடுத்த கிட்டார் பக்கவாட்டில் சிறு குமிழ்களும் பேட்டரி அறையும் கொண்ட எலெக்ட்ரோ அகூஸ்டிக். அதற்குள்ளேயே சமிக்ஞையை முன்கூட்டியே பலப்படுத்தும் முன்பெருக்கி ஒன்று இருப்பதால் எந்தத் துளையில் செருகினாலும் பலமாக ஒலிக்கும். எங்கள் கிட்டாரைத் தொடவிடாமல் தடுத்ததற்கு வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்?

கைப்பேசி விளக்கை முன்வலையின் மீது சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். 10 அங்குல வட்டம் என்று தெரிந்தது வெறும் பிளாஸ்டிக் வளையம். அதன் நடுவில் உள்ளங்கை அகலக் கூம்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. பெட்டியின் அடிப்பகுதியில் இருந்த தாளில் பேட்டரி 12 வோல்ட், 2.6 ஆம்பியர் மணி என்று இருந்தது. பெருக்கினால் சுமார் 31 வாட் மணி. அதை 8 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சராசரியாக 4 வாட்கூடத் தேறாது. சார்ஜரிலோ 15 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 30 வாட். இவற்றுக்கு இடையில் அந்த 100 வாட் எந்த வானத்திலிருந்து இறங்கியது? பெயர்பெற்ற ரோலண்ட் நிறுவனம் தன் மைக்ரோ கியூப் ஜி.எக்ஸ் ஆம்புக்கு 3 வாட் என்றும், 5 அங்குல ஒலிபெருக்கி என்றும், 6 ஏஏ பேட்டரியில் ஓடும் என்றும் ஒளிவுமறைவின்றிப் போடுகிறது. பாஸ் நிறுவனத்தின் கட்டானா மினி ஆம்ப் 7 வாட். வீட்டுப் பயிற்சிக்கு அந்த வாட் தாராளம். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினாலும் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்குச் சத்தமாகத்தான் படும் என்பது தெரியாத மக்களை நம்பித்தான் இந்த 100 வாட் ஒட்டுத்தாள்கள் ஒட்டப்படுகின்றன. அன்று மாலை என் மகன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி அணைந்தது.

மறுநாளே பெட்டியோடு போய் நின்றேன். அதே மனிதர், ஆனால் "அண்ணா" காணாமல் போய் "சார்" வந்துவிட்டது. முதலில் உங்கள் கிட்டாரின் ஒயர் கெட்டிருக்கும் என்றார். வேறு ஒயர் கொண்டுபோனேன். மின்சாரம் போய் வந்தபோது சார்ஜ் போட்டுக் கெடுத்திருப்பீர்கள் என்றார். எங்கள் தெருவில் அந்த வாரம் மின்சாரம் போகவே இல்லை. டெக்னீஷியன் விடுப்பில் இருக்கிறார், முதலாளி ஜோஹனஸ்பர்க் போயிருக்கிறார், சீல் உடைந்துவிட்டது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பலகையே தொங்குகிறதே என்று காரணங்கள் நீண்டன. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளில் நீல டிக் விழும், பதில் வராது. இறுதியில், பணம் தர முடியாது, 2,000 ரேண்டுக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் ஊழியரை விட்டுச் சொல்லவைத்தார்கள். 4,800 கொடுத்தவனுக்கு 2,000 ரேண்டில் விளக்குச் சரமா?

அந்தப் பலகை செல்லாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது நீக்குவதா, மாற்றுப் பொருளா, பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பது வாங்கியவரே, கடைக்காரர் அல்லர். இதை அச்செடுத்து நீட்டியபோது அந்த மனிதர் படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் மனு போட்டிருக்கிறேன். அங்கே தீராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம், அங்கே 20,000 ரேண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம்.

எப்படிப்பட்ட ஆம்ப் வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துப் போங்கள், அவர்கள் கிட்டாரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றச் சொல்லி, பேட்டரியில் வாசித்துக் கேளுங்கள். பெட்டியில் எழுதியதை விட்டுவிட்டுச் சார்ஜரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். நீங்கள் வாசித்துப் பார்த்த பெட்டியையே கட்டித் தரச் சொல்லுங்கள். ரசீதில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் என்றும் மாடல் எண்ணும் எழுதாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். இன்று காலை அந்தக் கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் அதே பெட்டி, அதே 100 வாட் படத்துடன், 4,500 ரேண்டுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. பண்டிகைச் சலுகை என்று நம்பி யாரும் போய்விடாதீர்கள்.