வயிற்றுக்குக் கொடுத்த சூரணத்தில் ஈயம்: லேபிள் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்

அப்பாவுக்கு ரொம்ப காலமாகக் கிரகணி, அதாவது நாள்பட்ட வயிற்றுப்போக்கு. சாப்பிட்ட கையோடு வயிறு கலக்கும். நாகர்கோவில் பக்கம் ஒரு வைத்தியசாலையில் காட்டினோம். "அக்கினி மந்தம்தான் (செரிமான சக்திக் குறைவு) காரணம், பஸ்பம் (உலோகம், தாதுக்களைப் புடமிட்டு எடுக்கும் தூள்) சேர்த்த சூரணம் தருகிறேன், ஒரு மண்டலத்தில் சரியாகிவிடும்" என்றார் வைத்தியர். காலண்டர் தாளில் மடித்த செம்மண் நிறத் தூள். பெயர் இல்லை, பில்லும் இல்லை.

வயிற்றுப்போக்கு சட்டென்று நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் மலச்சிக்கல், தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி, படியேற முடியாத சோர்வு. போன் செய்து சொன்னால், "கழிவு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று அளவை இரண்டு மடங்காக்கினார். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு டாக்டர் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு ஓரத்தில் கருநீலக் கோடு; ஈயம் உடம்பில் சேர்ந்ததற்கு அது ஓர் அடையாளமாம். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்றார். டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் 70 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பெரியவர்களுக்கு 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டுமாம். ஈயம் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். குணம் என்று நாங்கள் நினைத்தது நஞ்சின் வேலை.

ஆயுர்வேதத்தையே குறை சொல்ல மாட்டேன். சிகிச்சை முடிந்தபின், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பட்டம் பெற்ற வேறொரு ஆயுர்வேத மருத்துவரிடம்தான் போனோம். கடைந்து வெண்ணெய் எடுத்த மோர், தாடிமாஷ்டக சூரணம், நேரத்துக்குச் சாப்பாடு. மாதுளை ஓடு முதற்கொண்டு எல்லாச் சரக்கும் டப்பாவில் அச்சாகியிருந்தது. உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். பாதரசம், தாளகம் (ஆர்சனிக் கலந்த தாது) போன்றவை சேர்ந்த உள்மருந்து என்றால், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

மிச்சப் பொட்டலங்களைப் புகாரோடு மருந்து ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறோம். இப்படிப் பெயரில்லாத தூளை யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. அதைத் தனியாக எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தூளையும் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.