பேத்தியின் அலமாரி: கச்சேரி சாலைப் பையும் பரிசுப் பெட்டியும்

பேத்திக்குப் பெயர் வைத்த மறுநாள் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் இரண்டு மூட்டைகள் அடுத்தடுத்து இறங்கின. சம்பந்தியம்மாள் மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நாட்டு மருந்துக் கடை ஏறி வாங்கிவந்த துணிப்பையில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், ஓர் உரைகல், பயத்த மாவு, செக்குத் தேங்காய் எண்ணெய், கண்மை ஆகியவை இருந்தன. மகனின் அலுவலக நண்பர்கள் அனுப்பிய பெட்டியில் பேபி ஆயில், ஆலிவ் எண்ணெய், சோப்பு, பவுடர், கிரைப் வாட்டர் எல்லாம் ரிப்பன் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. அலமாரியில் காலியாக இருந்ததோ ஒரே ஒரு தட்டு. குழந்தை மருத்துவரைக் கேட்டும், உறைகளில் அச்சிட்டிருப்பதைப் படித்தும் மருமகளும் நானும் ஒவ்வொன்றாகத் தரம் பிரித்ததில் எனக்குப் புலப்பட்டது இதுதான்: தோலின்மேல் பூசுவதில் பழையதும் புதியதும் சமமாகப் போட்டியிடலாம், வாய்க்குள் போவதில், எத்தனை மில்லிகிராம் என்று எழுதப்படாத எதற்கும் இடம் கொடுக்கக் கூடாது.

முதலில் எண்ணெய். பேபி ஆயில் என்று விற்பவற்றுள் பல, பெட்ரோலியத்திலிருந்து எடுத்து நன்கு சுத்திகரித்த மினரல் ஆயிலில் வாசனை சேர்த்தவை. அது சிக்கு வாடை அடிக்காது. தோலின்மேல் மெல்லிய படலமாக நின்று ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். "பெட்ரோல் எண்ணெயையா குழந்தைக்குத் தடவுவது?" என்று சம்பந்தியம்மாள் முகம் சுளித்தாலும், அதை நஞ்சென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே வேலையைச் செக்குத் தேங்காய் எண்ணெயும் செய்கிறது; விலை குறைவு, சேர்க்கப்பட்ட வாசனையும் இல்லை. பெட்டியிலேயே விலை உயர்ந்ததான ஆலிவ் எண்ணெய்தான் தோற்றது. அதில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் இளந்தோலின் பாதுகாப்பு அடுக்கைத் தளர்த்தக்கூடியது. எந்த எண்ணெயானாலும் கத்திரி வெயிலில் பூசி அப்படியே விட்டுவிட்டால் வியர்வைத் துவாரங்கள் அடைபட்டு வியர்க்குரு கிளம்பும் என்பதால், குளிப்பாட்டுவதற்கு முன் தேய்த்துக் கழுவிவிடுவதும், மார்கழியில் மட்டும் குளித்தபின் ஈரத்தோடு இலேசாகத் தடவுவதும் சென்னைக்குப் பொருந்தும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கத்தைப் பற்றி ஒரே வரிதான்: மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

குளியலில் போட்டி பயத்த மாவுக்கும் சோப்புக்கும் இடையே என்று நினைத்திருந்தேன். முடிவைத் தீர்மானித்தது எங்கள் போர் தண்ணீர். பிறந்தபோது ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும் தோலின் பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்), சில வாரங்களில் 5 என்ற அளவை ஒட்டி இறங்கி, கிருமிகளுக்குப் பிடிக்காத மெல்லிய அமிலப் போர்வையாகிறது. சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. அதோடு உப்பு மிகுந்த கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காமல், வாளி ஓரத்தில் படியும் அதே வெண்மையான கசடாகக் குழந்தையின் மடிப்புகளிலும் படிகிறது. சோப்பே கலக்காத, பி.எச். 5.5 என்று குறிப்பிட்டு வரும் சிண்டெட் கட்டியோ திரவமோ கடின நீரிலும் கசடு விடாது. பயத்த மாவில் காரம் இல்லை, உண்மை. ஆனால் எவ்வளவு சலித்தாலும் அது சொரசொரப்பானது, கழுத்து மடிப்பில் தங்கினால் ஊறிப் புண்ணாக்கும். ஆகவே முதல் ஆண்டில் சிண்டெட், அதுவும் மடிப்புகளுக்கும் அடிப்பகுதிக்கும் மட்டும். மற்ற இடங்களுக்கு வெந்நீர் போதும். பயத்த மாவை நான் எடுத்துக்கொண்டேன்.

பவுடரில் வெற்றி பெற்றவர் யாருமில்லை. உலகப் பன்னாட்டு நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சனே டால்க் என்ற கனிமத் தூள் கலந்த குழந்தைப் பவுடரை 2023இல் உலகெங்கும் நிறுத்திக்கொண்டது. 2024இல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று கருதப்படுபவற்றின் வரிசையில் சேர்த்தது. சோள மாவுப் பவுடருக்கு அந்தப் பழி இல்லை என்றாலும், எந்தத் தூளும் மூச்சோடு உள்ளே போகத்தான் செய்யும். கண்மைக்கும் இடமில்லை, கடை மையில் ஈயம் இருக்கலாம். திருஷ்டிக்கு வேண்டுமானால், வீட்டில் அரிசி கருக்கி எடுத்த மையை உள்ளங்காலில் வைக்கலாம் என்று சமரசம் ஆயிற்று. அரையிடுக்குச் சிவப்புக்குத் துத்தநாக ஆக்சைடு களிம்பு ஒன்று போதும். மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பல கூட்டுக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டயபருக்குள் மூடிய தோல் அதை மிகுதியாக உறிஞ்சிவிடும்.

இனி வாய்வழிப் பொருள்கள். நான் இரு மூட்டைகளையும் ஒருசேர எதிர்த்தது இங்கேதான். என் பிள்ளைகளுக்கு நானே உரை மருந்து கொடுத்து வளர்த்தவள். கல்லில் எத்தனை சுற்று இழைக்கிறோம் என்பதுதான் அதற்கு அளவு. கையின் அழுத்தம் மாறினால் அளவும் மாறும், கல்லிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியும் கூடவே போகும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் பற்றி மருத்துவர் எச்சரித்தபின் எனக்குத் துணிவு வரவில்லை. கிரைப் வாட்டரில் இன்று பழைய காலத்து ஆல்கஹால் இல்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, அழுகைக்கு இனிப்புத் தண்ணீர் எதற்கு? பால் குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வதோடு இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டுமே தோற்கும்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலில் பல வீடுகள் தவறுவது பெயரில் அல்ல, செறிவில். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. 5 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 60 மி.கி. எழுதினால், அது சொட்டு மருந்தில் 0.6 மி.லி., முதல் சிரப்பில் 2.5 மி.லி., அடுத்ததில் 1.2 மி.லி. ஆகும். சிரப்பின் கணக்கை மனத்தில் வைத்துச் சொட்டு மருந்தை 2.5 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். பாலாடையில் குத்துமதிப்பாக ஊற்றும் நம் வழக்கத்தில் இது நடப்பது எளிது. எனவே ஒரே செறிவுள்ள ஒரே புட்டியை, அதனுடன் வந்த சொட்டுக் குழாயோடு வைத்துக்கொள்வதே என் தேர்வு. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் மருந்தைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதை அறிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைப்பது, நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கியைவிட நம்பகமானது. வைட்டமின் டி சொட்டிலும் இதே பொறி உண்டு: ஓராண்டு வரை நாளுக்கு 400 யூனிட் என்றாலும், 1 மி.லி.யில் 400 உள்ளதும் 800 உள்ளதும் கடையில் அருகருகே நிற்கின்றன.

சளிக்கு இருமல் சிரப்பா, உப்பு நீர்ச் சொட்டா என்பதில் விவாதமே எழவில்லை. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சு இருந்ததும், அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் கூடாது என்று மத்திய அரசு அறிவுறுத்தியதும் யாருக்கும் மறந்திருக்காது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும். கற்பூரம் காய்ச்சிய எண்ணெயை மார்பில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது பொடிப் பொட்டலமா, அட்டைப்பெட்டிப் பானமா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கலவை 20.5 கிராம் பொட்டலமாக, 1 லிட்டர் தண்ணீருக்கு என்று வரும். அதை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து. பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிகுதி; அந்தக் கலவைக்கு ஒத்துவராதவை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாதென 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இரண்டு மூட்டைகளிலும் இல்லாத சில பொருள்கள், 2015இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய 16 பொருள் குழந்தைப் பெட்டகத்தில் இருந்தன: கொசுவலை, நகவெட்டி, கை கழுவும் திரவம். மூன்றையும் ரங்கநாதன் தெருவில் வாங்கிவந்தேன். சம்பந்தியம்மாளின் வசம்பு இப்போது குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், தூளிக் கயிற்றில் கட்டியிருக்கிறது. உரைகல்லில் சந்தனம் இழைக்கிறோம்.